ஜெர்மன் மாணவர்களோடு ஒரு செமஸ்டர்: நான் வாங்கிய அடிகள்

2023 ஜூலை கடைசியில் டைம்டேபிள் கைக்கு வந்தபோது என் பெயருக்கு நேரே புதிதாக ஒரு பேப்பர் முளைத்திருந்தது. கிராஸ் கல்ச்சுரல் மேனேஜ்மென்ட், அதாவது வேறு வேறு பண்பாட்டுக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்வது பற்றிய பாடம், எம்பிஏ இரண்டாம் ஆண்டு, 58 பேர். நான் பதினோரு வருடமாக மார்க்கெட்டிங் நடத்துகிறவள். கோயம்புத்தூரைத் தாண்டி வேலை பார்த்ததில்லை. வெளிநாடு என்றால் ஒரே ஒருமுறை சிங்கப்பூர், அதுவும் குடும்பச் சுற்றுலா. துறைத்தலைவரிடம் போய் நின்றேன். "உங்களுக்குப் பேச்சு நல்லா வருது மேடம், சமாளிச்சிருவீங்க" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். தெற்கு ஜெர்மனியில் ஒரு கல்லூரியோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, அக்டோபரில் அவர்களுடைய மாணவர்கள் 24 பேரும் நம் மாணவர்களும் ஆன்லைனில் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும், அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் போட்டோவை ஏற்கெனவே ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். யார் நடத்தப் போகிறார்கள் என்பது மட்டும்தான் பாக்கி இருந்திருக்கிறது.

இந்த மாதிரி பேப்பர் திடீரென்று தலையில் வந்து விழுந்த ஆசிரியர் யாராவது இருந்தால் அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த நாலு மாதத்தில் எனக்குக் கைக்காசு 30,720 ரூபாய் போனது, ஒன்பது சனி ஞாயிறு போனது, ஒரு மாணவன் என் மேல் வைத்திருந்த நம்பிக்கையும் கொஞ்ச நாளைக்குப் போனது. அந்தக் கடைசி ஒன்று மட்டும் ஓரளவு திரும்பி வந்தது.

முதல் தவறு ஆகஸ்டிலேயே நடந்தது. பயத்தில் 18,000 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு வீடியோ, கடைசியில் ஒரு பிடிஎஃப். ஜப்பானியர் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுப்பார்கள், ஜெர்மானியர் நேரம் தவற மாட்டார்கள், அரபு நாடுகளில் இடது கையால் எதையும் நீட்டக் கூடாது. இடது கை விஷயத்தை எங்க அம்முச்சி காசு வாங்காமல் முதுகில் ஒரு அடியோடு சொல்லிக்கொடுத்திருக்கிறது. அது போதாதென்று 12,000 ரூபாய்க்கு ஒரு பயிற்சியாளரை ஒரு சனிக்கிழமை வரவழைத்தேன். கோட் போட்ட மனிதர், நல்ல மனிதர்தான். கத்தியை எந்தக் கையில் பிடிப்பது, சூப்பை எந்தப் பக்கமாக அள்ளுவது, கைகுலுக்கும்போது எத்தனை விநாடி கண்ணைப் பார்ப்பது என்று நாள் முழுக்க நடத்தினார். மாணவர்களுக்குக் கொண்டாட்டம், போட்டோ நிறைய. வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது, ஆன்லைன் புராஜெக்டில் யார் யாரோடு உட்கார்ந்து சூப் குடிக்கப் போகிறார்கள்? முன்அனுமதி வாங்கவில்லை என்று அந்த பில்லும் திரும்பி வந்துவிட்டது. பழக்கவழக்கப் பயிற்சி வேறு, இந்தப் பாடம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். எதற்குக் கொடுத்தாலும் பில் வாங்குவதற்கு முன்னால் அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் முழுக்கக் கோட்பாடு நடத்தினேன். கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளரிலிருந்துதான் எல்லாரும் தொடங்குகிறார்கள், நானும் அங்கேயே தொடங்கினேன். 1967-க்கும் 1973-க்கும் இடையில் பல நாடுகளின் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து நாடு நாடாக மதிப்பெண் போட்டவர் அவர். அதிகார இடைவெளியில், ஆங்கிலத்தில் பவர் டிஸ்டன்ஸ், இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. அதாவது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை நாம் சகஜமாக எடுத்துக்கொள்கிறோம், அவர்கள் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. போர்டில் பட்டை பட்டையாக வரைந்து காட்டினேன். இன்டர்னல் தேர்வில் எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள், ஐம்பதுக்கு நாற்பதுக்குக் குறைந்து யாரும் வாங்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஆனால் நான் அவர்கள் கையில் கொடுத்திருந்தது என்ன என்பது அக்டோபரில்தான் தெரிந்தது. ஏற்கெனவே மனசில் இருந்த முன்முடிவுகளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டிக் கொடுத்திருக்கிறேன். "அவங்களுக்கு மரியாதை தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டிய பையன் இப்போது "அவங்க லோ பவர் டிஸ்டன்ஸ் மேடம்" என்கிறான். அர்த்தம் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதுக்கு மார்க் உண்டு. அந்த எண் ஒரு நாட்டின் சராசரி, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்று நானும் ஒரு ஸ்லைடில் போட்டிருந்தேன். கடைசி ஸ்லைடு. பெல் அடித்தபோது காட்டியது.

அக்டோபர் 4, புதன்கிழமை, நம் நேரம் மதியம் ஒன்றரை, அவர்களுக்குக் காலை பத்து மணி. இப்படி இரண்டு நாட்டு வகுப்புகளை ஆன்லைனில் கோத்து நடத்துவதற்கு கொயில் என்று பெயர். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2006-ல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள், அங்கிருந்து பரவிய முறை இது. எங்கள் புராஜெக்ட், திருப்பூரில் தைக்கிற ஆர்கானிக் காட்டன் குழந்தைத் துணிகளை ஜெர்மனியில் விற்க ஒரு திட்டம் போடுவது. 12 அணி, ஒவ்வொன்றிலும் அவர்கள் இரண்டு பேர், நம்மவர்கள் நாலைந்து பேர். இந்தக் கணக்கே சிக்கல் என்று அப்போது தோன்றவில்லை. ஐந்து பேர் தமிழில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்க, இரண்டு பேர் திரையில் காத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் வகுப்பில் நம்மவர்கள் பாதிப் பேர் கேமராவைப் போடவே இல்லை. ஹாஸ்டல் வைஃபை ஒரு காரணம், பின்னால் துணி காய்கிற கொடி ஒரு காரணம், கூச்சம் ஒரு காரணம். எதிர்ப்பக்கம் அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டது. அங்கிருந்த ஆசிரியை, என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். 58 பேரில் ஒருவருக்கும் நாக்கு வரவில்லை, கடைசி வரை மேடம்தான். "பாத்தீங்களா மேடம், லோ பவர் டிஸ்டன்ஸ்" என்று ஒருத்தி என் காதில் சொன்னாள், நானும் தலையை ஆட்டினேன். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, ஜெர்மன் மொழியில் பேசும்போது அவருடைய சொந்த மாணவர்களே அவரைக் குடும்பப் பெயரோடுதான் அழைக்கிறார்கள், நம்முடைய நீ, நீங்க மாதிரி அங்கே டூ, சீ என்று இரண்டு உண்டு, ஆசிரியரிடம் சீதான். பெயர் சொல்வது ஆங்கிலத்தில் பேசுவதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு எண்ணை வைத்து ஒரு ஆளைப் படித்தால் இப்படித்தான் ஆகும், ஆசிரியருக்கும் சேர்த்து.

இரண்டாவது வாரம் ஏழாவது அணியில் தீப்பிடித்தது. அவர்கள் அனுப்பிய சந்தை அளவுக் கணக்கைப் பார்த்து நம் அணித்தலைவி ஒரு மெயில் போட்டாள். உங்கள் பகுதியில் எங்களுக்கு நிறைய டவுட்ஸ் இருக்கின்றன, சீக்கிரம் கிளியர் செய்யவும். அவளைப் பொறுத்தவரை பணிவான மெயில். டியர் சர் போட்டிருந்தாள், கைண்ட்லி போட்டிருந்தாள். மறுநாள் பதில் வந்தது: எந்த எண் மேல் உங்களுக்குச் சந்தேகம்? எங்கள் ஆதாரங்களைக் கீழே கொடுத்திருக்கிறோமே? பிரச்சினை எங்கே என்று குறிப்பிட்டுச் சொல்லவும். அவ்வளவுதான். "திமிர் மேடம்" என்றார்கள். ஐந்து நாள் யாரும் பதில் எழுதவில்லை. எனக்கே அந்த மெயில் சுருக்கென்றுதான் இருந்தது. தமிழில் சந்தேகம் கேட்பதும் சந்தேகப்படுவதும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஐ ஹேவ் எ டவுட் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களுக்கு அது, உங்கள் வேலையை நாங்கள் நம்பவில்லை என்று கேட்டிருக்கிறது. இதை விளக்கியவர் அந்த ஆசிரியைதான், நான் இல்லை. பத்து வருடமாக நானும் எனிமோர் டவுட்ஸ் என்று கேட்டு வகுப்பை முடிக்கிறவள். ஆகவே ஒரு விஷயம்: புராஜெக்ட் தொடங்கும் முன் உங்கள் மாணவர்கள் எழுதிய பழைய மெயில் பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நம் ஊருக்கு வெளியே வேறு அர்த்தம் தரக்கூடிய சொற்களை அவர்களையே வட்டமிடச் சொல்லுங்கள். டவுட், ப்ரீபோன், டூ தி நீட்ஃபுல், ரிவர்ட் எல்லாம் அதில் வந்துவிடும். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

அந்த மெயிலை வைத்துத்தான் முதன்முதலாக உருப்படியான ஒரு வகுப்பு எடுத்தேன். இந்தத் துறையில் பழைய பயிற்சி ஒன்று உண்டு, நடந்ததை முதலில் விவரி, பிறகு விளக்கம் தேடு, அதற்கப்புறம் மதிப்பிடு. போர்டில் மூன்று கட்டம் போட்டேன். பார்த்தது, நினைத்தது, முடிவு கட்டியது. முதல் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். "கோபமா மெயில் போட்டான்." கோபம் அந்த மெயிலில் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டேன். தேடினார்கள். "அவமதிச்சான்." அது எந்த வரியில்? இப்படியே முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் முதல் கட்டத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்: ஹலோ என்று தொடக்கம், மூன்று வாக்கியம், அதில் இரண்டு கேள்வி, கடைசியில் பெயர். மற்றதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது கட்டத்துக்குப் போய்விட்டது. இதைப் பார்த்து வகுப்பே கொஞ்சம் அடங்கிவிட்டது. அப்புறம் நினைத்தது என்ற கட்டத்தில், அவன் அப்படி எழுத வேறு மூன்று காரணம் சொல்லுங்கள் என்றேன். மூன்றுக்குக் குறையக் கூடாது. ஒரு காரணம் மட்டும் கேட்டால் மறுபடியும் "ஜெர்மன்காரங்க அப்படித்தான்" என்றே வரும். மூன்றாவது காரணத்தைத் தேடும்போதுதான் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

நேரடியாகப் பேசுவது, சுற்றி வளைப்பது என்பதையும் பட்டியலாக நடத்தி வீணாக்கியிருந்தேன். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் சொன்ன விஷயம் அது. சில இடங்களில் சொல்லப்பட்ட சொல்லிலேயே செய்தி முழுவதும் இருக்கும், சில இடங்களில் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானை உதாரணம் காட்டி நடத்தினேன். நம்மிடமே இருக்கும்போது ஜப்பானுக்கு எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கொங்குப் பக்கம் பத்திரிகை வைக்க வந்தவர் "வந்துருவீங்கல்லங்க?" என்று கேட்கும்போது "பார்க்கலாங்க" என்று பதில் சொன்னால், வர மாட்டோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைச் சொல்ல மாட்டோம். நம் மாணவர்கள் ஜெர்மன் அணியிடம் வெள்ளிக்கிழமைக்குள் வீ வில் ட்ரை என்று சொன்னது இந்தப் பார்க்கலாங்கவைத்தான். அவர்கள் அதைச் சரி என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை எதுவும் போகவில்லை. அந்தப் பக்கம் பொய் சொன்னார்கள் என்ற கோபம், இந்தப் பக்கம் நாங்கள்தான் சொல்லிவிட்டோமே என்ற கோபம்.

நான் எழுதத் தயங்குகிற பகுதி இது. மூன்றாவது வாரம் ஒரு ஜெர்மன் அணி 14 கேள்விகள் கொண்ட ஒரு தாளை அனுப்பியது. ஓவர்டைம் எத்தனை மணி நேரம், ஹாஸ்டல் வாடகையை யார் கட்டுகிறார்கள், விடுமுறை நாளில் ஹாஸ்டலை விட்டு வெளியே போகலாமா, வயதுச் சான்று யார் சரிபார்க்கிறார்கள். அந்த அணியில் திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பையன் ஒருவன் இருந்தான். வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான், முகம் சிவந்திருந்தது. "எங்கம்மா பதினெட்டு வருஷமா பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்காங்க மேடம். அந்தச் சம்பளத்துலதான் நான் இங்க படிக்கறேன். குழந்தைங்கள வேலைக்கு வெக்கறீங்களான்னு கேக்கறாங்க. இவங்க யாரு கேக்கறதுக்கு?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு தம்பி, ஜெர்மன்காரங்க கொஞ்சம் டைரக்டா பேசுவாங்க, மனசுல வெச்சுக்காத." பாடத்தில் நடத்தியதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த இரண்டு புதன்கிழமை ஆன்லைன் வகுப்புக்கு வரவில்லை. கொடுத்த பதில் தப்பு என்று அப்போதே தெரிந்தது, சரியான பதில் எது என்றுதான் தெரியவில்லை.

இதில் நேரடிப் பேச்சு என்ற பண்பாட்டுக்கு இடமே இல்லை. ஜெர்மனியில் விநியோகச் சங்கிலிச் சட்டம் என்று ஒன்று 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. முதலில் குறைந்தது 3,000 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு, 2024 முதல் குறைந்தது 1,000 பேர் உள்ள நிறுவனங்களுக்கு. தனக்குப் பொருள் தருகிறவர்கள் குழந்தைத் தொழிலாளர், கட்டாய வேலை போன்ற விஷயங்களில் எப்படி இருக்கிறார்கள் என்று கவனிப்பது அந்த நிறுவனத்தின் சட்டக் கடமை. அந்த மாணவர்கள் அதே செமஸ்டரில் அதைத் தனிப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பட்டியலை அப்படியே நமக்கு அனுப்பிவிட்டார்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று ஒரு வரி முன்னால் எழுதத் தோன்றவில்லை அவர்களுக்கு. ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு போன் போட்டு விசாரிக்கத் தோன்றவில்லை எனக்கு. விஷயம் தெரிந்ததும் பையனைக் கூப்பிட்டு என் தவறைச் சொன்னேன். மன்னிப்பு என்று கேட்கவில்லை, நம் ஊரில் டீச்சர் அப்படிக் கேட்டால் பையன்தான் சங்கடப்படுவான். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த 14 கேள்வியையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கேட்டு வரச் சொன்னேன். திங்கட்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத் தாளோடு வந்தான். பதினொரு கேள்விக்கு அந்த அம்மா விளக்கமாகப் பதில் சொல்லியிருந்தார், ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன, ஆர்டர் நெருக்கும்போது ராத்திரி எத்தனை மணி ஆகும், கைமடி என்கிற உதவி வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் டெய்லருக்கும் சம்பளம் எப்படி வேறுபடும் என்பதெல்லாம். மிச்சம் மூன்று கேள்விக்கு நேரே பையன் எழுதியிருந்தது: "இதெல்லாம் நல்ல கேள்வி, அவங்களே கேக்கட்டும், நாங்க கேக்க முடியாது என்று அம்மா சொன்னார்." அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பையன் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. "கேட்டது சரிங்க மேடம், கேட்ட விதம் சரியில்ல" என்றான். அது சரியான பேச்சு, அதை அப்படியே அவர்களிடம் சொல்லச் சொன்னேன், சொன்னான். அந்த அணியின் அறிக்கைதான் பன்னிரண்டிலும் நன்றாக வந்தது. விற்பனைத் திட்டத்தில் தொழிலாளர் நிலைமைக்கென்று நாலு பக்கம் ஒதுக்கிய ஒரே அணி.

நவம்பர் 8 நடந்தது காமெடி. நவம்பர் 1 அவர்களுக்குப் புனிதர் தின விடுமுறை, வகுப்பு இல்லை. 8-ம் தேதி ஒன்றரைக்கு நம்மவர்கள் அத்தனை பேரும் கேமராவைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எதிர்ப்பக்கம் ஒருவரும் இல்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "நேரம் தவற மாட்டாங்கன்னு சொன்னீங்களே மேடம்" என்று சிரித்துக்கொண்டே கலைந்துபோனார்கள். இரண்டரைக்கு அவர்கள் வந்து பார்த்தால் இங்கே யாரும் இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள், அந்த வருடம் அது 29-ம் தேதி. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த இடைவெளி நாலரை ஆகிவிட்டது. நான் எல்லாவற்றையும் வாட்ஸப் குரூப்பில் ஒன்றரை மணி என்று தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன், காலண்டர் அழைப்பு அனுப்பியிருந்தால் அதுவே மாறியிருக்கும். அந்த வாட்ஸப் குரூப்பும் ஒரு தகராறுதான். கேட்காமல் எண்களைச் சேர்த்துவிட்டோம் என்று அவர்களில் ஆறு பேர் வெளியேறினார்கள். ஐரோப்பாவில் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018-லிருந்து கடுமையாக இருக்கிறது, போன் எண்ணைக் கேட்காமல் ஒரு குழுவில் போடுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த ஞாயிறு, நவம்பர் 12, தீபாவளி. திங்கட்கிழமை காலை முதல் வரைவைக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் திட்டத்தில் இருந்தது, நான்தான் பார்க்காமல் சரி என்றிருக்கிறேன். இரண்டு நாட்டு விடுமுறை, தேர்வு, கடிகார மாற்றம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஜூலையிலேயே அனுப்பிவிடுங்கள். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், நம் செமஸ்டரும் அவர்கள் செமஸ்டரும் ஒன்றாக ஓடுவது எட்டு வாரம்கூட இல்லை.

எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்த இன்னொன்று இருக்கிறது. எங்கள் மாணவர்கள் சோம்பேறிகள், கடைசி நிமிடத்தில் செய்கிறவர்கள் என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு. அவர்கள் ஓயாமல் விரட்டுகிற ரோபோக்கள் என்று இந்தப் பக்கம். இரண்டு பக்கமும் பண்பாடு என்று பெயர் வைத்து விவாதித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அந்த ஆசிரியையோடு பேசிக்கொண்டிருந்தபோது எத்தனை கிரெடிட் என்ற பேச்சு வந்தது. அவர்களுக்கு இந்த புராஜெக்டுக்கு மட்டும் ஐந்து ஐரோப்பிய கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு, ஆக 125 மணி நேரத்துக்குக் குறையாது. நம் மாணவர்களுக்கு இன்டர்னலில் பத்து மார்க், அதுவும் ஏழு பேப்பருக்கு நடுவில். பத்து மார்க்குக்கு 125 மணி நேரம் எந்த நாட்டுக்காரன் உழைப்பான்? ஜெர்மன்காரனைக் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்தாலும் கடைசி நாள் ராத்திரிதான் செய்வான். ஒரு சண்டை வரும்போது முதலில் மதிப்பெண், நேரம், மொழி, நெட் வசதி இதையெல்லாம் பாருங்கள், பண்பாட்டைக் கடைசியில் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

நவம்பர் கடைசியில் சீட்டாட்டம். பார்ங்கா என்று ஒரு விளையாட்டு, இந்தத் துறையில் உலகம் முழுக்க ஆடுவது. உருவாக்கியவர் சிவசைலம் தியாகராஜன், தியாகி என்ற பெயரில் தெரிந்தவர், நம் சென்னைக்காரர். 1980-ல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் கபார்ங்கா என்ற ஊரில் வேலை பார்த்தபோது உருவாக்கினார், அதனால்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு மேஜைக்கும் விதிமுறைத் தாள் ஒன்று கொடுப்போம், எல்லா மேஜையிலும் ஒரே விதி என்று நினைப்பார்கள், ஆனால் ஒரு மேஜையில் ஏஸ் பெரிது, இன்னொன்றில் சிறிது, ஒன்றில் துருப்பு உண்டு, இன்னொன்றில் இல்லை. தாளைத் திருப்பி வாங்கிவிட்டு, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் மேஜை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படம் போட்ட சீட்டெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றிலிருந்து ஏழு வரை 28 சீட்டுதான். 12 கட்டு வாங்கினேன், கட்டு 60 ரூபாய். வகுப்பு ஆழ்ந்த மௌனத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது முதல்வர் ரவுண்ட்ஸ் வந்தார். கண்ணாடி வழியாக ஐம்பத்தெட்டு பேர் கையில் சீட்டு. அவர் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. முன்கூட்டியே எழுத்தில் சொல்லி வையுங்கள், அவ்வளவுதான்.

ஆட்டம் நாற்பது நிமிடம் போய்விட்டது, பேச மிஞ்சியது பத்து நிமிடம். அது பெரிய தவறு, ஆடுவதைவிடப் பேசுவதற்கு இரண்டு மடங்கு நேரம் வேண்டும். "அவன் ஏமாத்தறான்னு நினைச்சேன் மேடம்" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் நாகாலாந்திலிருந்து வந்து படிக்கிற பெண் ஒருத்தி, செமஸ்டர் முழுக்க வாயே திறக்காதவள், கை தூக்கினாள். இது எனக்கு விளையாட்டு இல்லை மேடம், ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒன்றரை வருடமாக இதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன், விதி என்னவென்று யாரும் சொன்னதில்லை, தப்பாக ஆடினால் மட்டும் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாள். பெல் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெர்மன் அணியில் துருக்கியப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு மாணவியிடம், அங்கேயே பிறந்து வளர்ந்தவளிடம், நிஜத்தில் உன் ஊர் எது என்று நம்மவர்கள் கேட்டு அவள் முகம் வாடியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். அதே கேள்வி என் வகுப்பிலேயே ஒருத்தி காதில் தினமும் விழுந்துகொண்டிருக்கிறது என்பது தெரியாமல் நாலு மாதம் பாடம் நடத்தியிருக்கிறேன். வெளிநாட்டுக் கூட்டாளி கிடைக்கவில்லை என்று இந்தப் பேப்பரை ஸ்லைடிலேயே ஓட்டுகிறவர்கள் முதலில் தங்கள் ஹாஸ்டலைப் பார்க்கலாம். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பீகார், ஒடிசாக்காரர்கள் இல்லாத தொழிற்கூடம் இல்லை, நம் மாணவர்கள் மேனேஜராகப் போய் நிற்கப்போவது அவர்கள் முன்னால்தான்.

மார்க் போடுவதைப் பற்றிச் சுருக்கமாக. கடைசியில் ஒரு பிரதிபலிப்புக் கட்டுரை கேட்டேன். 58 பேரும் நான் மாறிவிட்டேன், என் மனம் விரிந்துவிட்டது என்று எழுதினார்கள். மார்க் தருகிறவளுக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது வாரம் ஒரு பக்கம் குறிப்பு மட்டும் கேட்கிறேன். நடந்த ஒரு விஷயம், அந்த மூன்று கட்டம், மூன்று காரணம், அப்புறம் எதிராளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது என்ன. மாறினாயா இல்லையா என்பது எனக்கு வேண்டாம். சரியாக நடந்துகொண்டோமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் எதிர்ப்பக்கம் இருப்பவர்தான், அதனால் ஐந்து மார்க்கை மற்ற அணி கையில் கொடுத்துவிட்டேன். மதிப்பெண் முறையையும் முதல் நாளே விளக்கிவிடுங்கள். டிசம்பரில் ஜெர்மன் பக்கத்திலிருந்து மார்க் வந்தபோது ஒரு மாணவி 1.7 என்பதைப் பார்த்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாள். அங்கே 1.0 தான் உச்சம், 5.0 என்றால் ஃபெயில். 1.7 வாங்கியவள் ஸ்வீட் கொடுத்திருக்க வேண்டும்.

போன வருடமும் இதே பேப்பரை எனக்கே கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் புராஜெக்ட் பேச்சே இல்லை. எத்தனை மணி நேரத்தில் மெயிலுக்குப் பதில் போடுவோம், முடியாது என்பதை எந்தச் சொல்லால் சொல்வோம், கேமரா உண்டா இல்லையா, எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு அணியும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஹாஃப்ஸ்டெட் நாலாவது வாரத்தில்தான் வந்தார், அவரை விமர்சிக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு. சண்டை வரத்தான் செய்தது, எட்டு வந்தது, ஏழு எங்கள் கைக்குள்ளேயே தீர்ந்தது. எட்டாவது ஒரு பையனும் இன்னொரு பையனும் வெறுமனே பிடிக்காமல் போட்ட சண்டை, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

18,000-ஐயும் 12,000-ஐயும் கை கழுவிவிட்டேன். சீட்டுக்கட்டு வாங்கிய 720 ரூபாயாவது வரட்டும் என்று கற்பித்தல் உபகரணம் என்ற தலைப்பில் பில் போட்டேன். பத்து நாளில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து திரும்பி வந்தது, "சீட்டுக்கட்டு 12" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி ஒன்று. மூன்று கட்டம் போட்டு அவருக்கு ஒரு பதில் எழுதலாம் என்று டிராயரில் வைத்திருக்கிறேன், இன்னும் எழுதவில்லை.